அரபுப் பக்கம், தமிழ்ப் பக்கம்

நாற்பது ஜிகாபைட். 2007 ஓகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, மஸ்கெலியாவுக்கு மேலே ஊசிமலைத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் அழகுமுத்து இரண்டாகப் பிரிக்க உட்கார்ந்த இடத்தின் மொத்த அளவு அது. அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. அந்த லயத்தில் அவன் கழற்றிப் பார்க்காத பொருள் என்று அதுவரை அநேகமாக எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

பத்து வயதில் அப்பாவின் ரேடியோவைக் கழற்றினான். பூட்டத் தெரியாமல் அடி வாங்கினான். பதினாறில் தோட்டத்து ஆஸ்பத்திரியின் சுவர்க் கடிகாரம்; அதைப் பூட்டியும் விட்டான், என்ன, ஒரு பல்சக்கரம் மிச்சம். கடிகாரம் அதற்குப் பிறகு நன்றாகவே ஓடியது. அந்தச் சக்கரம் எதற்கு இருந்தது என்ற கேள்வி மட்டும் அவனை விட்டுப் போகவில்லை.

மலையில் மருந்தடிக்கும் வேலையிலிருந்து அவன் ஸ்டோருக்குள் வந்ததும் இந்தக் குணத்தால்தான். ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. 1996-ல் லயத்துக்குக் கரண்ட் வந்திருக்கவில்லை. டிவி கார் பெட்டரியில் ஓடியது. உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப்போட்டி அன்று, மூன்று லயத்து ஜனமும் ஒரே காம்பராவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, பெட்டரி இறங்கிப் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அழகுமுத்து ஓடிப்போய்த் தோட்டத்து லொறியின் பெட்டரியைக் கழற்றிவந்து கடைசிப் பத்து ஓவரைக் காட்டினான். மறுநாள் காலை லொறி கிளம்பவில்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவனைக் கூப்பிட்டு கால் மணி நேரம் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, "ஏன்டா, நீ மெஷின் வேலைக்கு வந்தா என்ன?" என்று கேட்டார்.

ஸ்டோரில் அவன் முதலில் கற்றது ஒரு சொல். கொழுந்து அரைக்கும் ரோலர்கள் வரிசையாக நிற்கும். மெயின் சுவிட்ச் ஒரு கோடியில், சுவரோடு இருக்கும். அங்கே நிற்பவனுக்கு மறுகோடி ரோலரில் யார் கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஆகவே கைப்பிடியை இழுக்குமுன் "போடவா?" என்று கத்த வேண்டும். உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் "போடு" என்று திருப்பிக் கத்த வேண்டும். ஒருவர் பேசாமலிருந்தாலும் போடக் கூடாது. அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் ஒருநாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுகோடியில் நின்றவருக்கு இரண்டு விரல் போயிற்று. பதினொரு வருடத்தில் அந்தப் பழக்கம் அழகுமுத்துவின் நாக்கில் ஊறிவிட்டது. வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறப்பதற்குக்கூடப் "போடவா?" என்பான். மனைவி நாகலெட்சுமி "போட்டுத் தொலைங்க" என்பாள்.

மடிக்கணினி அவனுடையதல்ல. தங்கை மீனம்மாவுடையது. புருஷன் விட்டுவிட்டுப் போன மறுவருடம், இருபத்தேழு வயதில், மகள் மதுராவை அண்ணன் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வீட்டு வேலைக்குக் குவைத் போனவள். ஆறு வருடம் கழித்து அந்த ஜூலையில் திரும்பியபோது, வேலை செய்த வீட்டு எஜமானி தன் பழைய மடிக்கணினியை அவளுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். திறந்தால் எல்லாம் அரபு. மதுராவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணினிப் பாடம் தொடங்கியிருந்தது. வீட்டிலேயே பெட்டி இருந்தும் அதில் ஒரு வரி அவளுக்குப் புரியவில்லை.

அண்ணனும் தங்கையும் பஸ் ஏறி ஹட்டன் பஜாருக்குப் போனார்கள். பழுதுபார்க்கும் கடையில் இருந்த இளைஞன் பையைப் பார்த்துக் கை நீட்டினான்.

"தொறந்து காட்டுங்க."

"தொறக்க மாட்டேன்" என்றாள் மீனம்மா. "அரபுல இருக்கு. தமிழோ இங்கிலீசோ ஆக்கணும்."

"அப்ப ஃபோமட் பண்ணணும். உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும்."

"அழியக் கூடாது."

"சரி, இருக்கிறதைச் சீடியில ஏத்தித் தந்துட்டு அழிக்கிறேன். தொறங்க."

"தொறக்க மாட்டேன்."

இளைஞன் அழகுமுத்துவின் பக்கம் திரும்பினான். "அண்ணே, இவங்களுக்கு என்னதான் வேணும்?"

அழகுமுத்துவுக்கும் அதுதான் கேள்வி. திரும்பும் பஸ்ஸில் கேட்டான்.

"உள்ள படம் இருக்கு" என்றாள் மீனம்மா. "மேடம் தலையில துணி இல்லாம இருப்பாங்க. அவங்க தங்கச்சிங்க, கல்யாண வீடு எல்லாம் இருக்கு. தொறந்ததும் மொத ஸ்கிரீன்லயே மேடம்தான் நிக்கிறாங்க. வெளி ஆம்பள கண்ணுல படக் கூடாதுன்னு கையப் புடிச்சுக் கேட்டாங்க. வல்லாஹின்னு சத்தியம் பண்ணுனேன். நம்பாமப் போயிருவாங்களோன்னு மாரியாத்தா மேலயும் பண்ணுனேன்."

"நான் வெளி ஆம்பளையா?"

"அவங்களுக்கு நீ வெளி ஆம்பளதானண்ணே."

"அப்படிப்பட்ட படத்த நீ என்னத்துக்கு வச்சிருக்க? அழிச்சிட்டாப் பொல்லாப்பு இல்லையே."

மீனம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "அதுல நானும் இருக்கேன்ல. ஆறு வருஷம் எனக்குன்னு ஒருத்தரும் ஒரு படம் புடிக்கல. அந்த வீட்டுப் பையன் ஹமத்தைப் புடிக்கிறப்ப பின்னால நிக்கிறது நாந்தான். அங்க நான் எப்படி இருந்தேன்னு இந்தப் பொட்டிக்கு மட்டுந்தான் தெரியும்."

அழிக்காமல், திறந்து பார்க்காமல், பெட்டிக்குத் தமிழ் வரவழைக்க வேண்டும். அவன் இதுவரை கழற்றிய எதற்கும் இப்படியொரு நிபந்தனை இருந்ததில்லை. அன்று சாயந்தரமே குகநேசன் மாஸ்டரைத் தேடிப் போனான்.

குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். மஸ்கெலியாவில் கணக்குப் படிப்பிக்கிறார். மதுராவின் கணினிப் பாடமும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. கொழும்பிலிருந்து ஒரு சிநேகிதர் பதிந்து அனுப்பிய லினக்ஸ் சீடி அவரிடம் இருந்தது. இருக்கிற அரபு வின்டோஸை அழிக்கத் தேவையில்லை, பக்கத்திலேயே இதையும் வைக்கலாம், தமிழிலும் வேலை செய்யும் என்று அவர் சொன்னதும் அழகுமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"ஒரு பொட்டிக்குள்ள ரெண்டா? நடுவுல சுவர் மாதிரி ஏதும் இருக்குமா மாஸ்டர்?"

"சுவர் ஒண்டும் இல்லை. உள்ளுக்குச் சுத்துற தட்டிலை ஆக முன்னுக்கு ஒரு சின்ன அட்டவணை இருக்கு. 'இதிலையிருந்து இதுவரைக்கும் இவருக்கு, அங்காலை அவருக்கு' எண்டு எழுதியிருக்கும். அவ்வளவுதான்."

"வெறும் எழுத்தா?"

"வெறும் எழுத்து."

"அத மாத்தி எழுதிட்டா?"

"வீடு போச்சு."

அழகுமுத்து சிரித்துவிட்டான். அவன் கல்யாணம் செய்தபோது காம்பராவின் நடுவே தேயிலைப் பெட்டிப் பலகையால் தட்டி அடித்தார்கள். அங்கே பலகையாவது இருந்தது. "அப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேலை செய்வாங்களா?"

"இல்லை, இல்லை. ஒராள் எழும்பி நிக்கேக்கை மற்றாள் நித்திரை. மெஷினைப் போடேக்கை ஆரை எழுப்பிறது எண்டு அது உங்களைக் கேக்கும்."

பெட்டிக்குள் ஏற்கெனவே இரண்டு பங்கு இருப்பதாக மீனம்மா சொல்லியிருந்தாள். ஒன்றில் வின்டோஸ், படம் எல்லாம் இருக்கிறது, மற்றதில் ஒன்றுமில்லை. குகநேசன் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். காலியான பங்கை அழித்து அந்த இடத்தில் லினக்ஸைப் போட்டால் போதும். செய்ய வேண்டியதைப் படிப்படியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

"ஒண்டு மட்டும் கவனம். எது நிறைஞ்சது, எது வெறுமை எண்டு வின்டோஸிலையே பாத்து நிச்சயப்படுத்திப் போட்டுத் தொடங்குங்கோ. சீடி போட்டால் வாற நீல ஸ்கிரீன் அதைச் சொல்லாது. இரண்டையும் இருபது ஜிபி, இருபது ஜிபி எண்டுதான் காட்டும்."

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அன்று ஸ்டோர் ஓடாது. ஸ்டோர் ஓடாத நாளில்தான் லயத்தில் கரண்ட் ஆடாமல் நிற்கும். மதுரா டியூஷனுக்குப் போயிருந்தாள். பலகை ஸ்டூலில் மடிக்கணினியை வைத்து, திரைக்கு முன்னால் மீனம்மாவும் திரைக்குப் பின்னால் அழகுமுத்துவும் உட்கார்ந்தார்கள். அவனுக்குத் தெரிந்தது மூடியின் முதுகு மட்டும்.

பிளேன்டீயோடு வந்த நாகலெட்சுமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணனும் தங்கச்சியும் பாகம் பிரிக்கிறீங்களா? தோட்டத் தலைவரக் கூப்பிடவா?"

"நீ பேசாம இரு" என்றான் அழகுமுத்து. தாளைப் பார்த்து வாசித்தான். "கம்ப்யூட்டர் மாதிரி இருக்கிற சின்னப் படத்துல வலது பட்டன அமுக்கு. வரி வரியா வரும். நாலாவது வரி."

மீனம்மா உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டினாள். ஹமத் எழுதப் பழகியபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்ற அரபு அது. "ம். வந்திருச்சு."

"கீழ டிஸ்க்குன்னு நீளமா ஒரு பட்டை தெரியுதா?"

"தெரியுது. ரெண்டு கட்டமா இருக்கு. ரெண்டும் ஒரே அளவு."

"எது நிறைஞ்சிருக்கு?"

மீனம்மா இரண்டு கட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். "வலது பக்கத்துக் கட்டம் முக்காவாசி நிறைஞ்சிருக்கு. இடது பக்கத்துல ஒண்ணுமே இல்ல."

"அப்படியே கீறித் தா."

பிஸ்கட் பெட்டி அட்டையின் பின்புறம் அவள் பட்டையைக் கீறினாள். வலது கட்டத்தைப் பென்சிலால் கறுப்பாகத் தீட்டினாள். இடது கட்டத்தை வெள்ளையாக விட்டாள். கண்ணால் கண்டதைக் கண்டபடி கீறினாள்; ஒரு பிழையும் இல்லை.

சீடியைப் போட்டு மெஷினைத் திரும்பக் கிளப்பினார்கள். எஜமானி மறைந்து நீலத்திரை வந்தது.

"இதுல மேடம் இல்ல. நீ இந்தப் பக்கம் வரலாம்" என்று மீனம்மா எழுந்து இடம் கொடுத்தாள். கொல்லைக் கதவடியில் போய் அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

நீலத்திரை பேசியது மெஷின் புத்தகங்களில் வரும் இங்கிலீஷ். அது அழகுமுத்துவுக்குப் பழக்கம். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்துவிட்டு விடை கொடுத்தான். அடுத்து என்ன கேட்கும் என்று ஊகித்துப் பார்த்தான். மூன்றில் இரண்டு சரியாக இருந்தது. கடைசியில் மாஸ்டர் சொன்ன இடம் வந்தது. மேலும் கீழுமாக இரண்டு வரி. முதலாவது, இருபது ஜிபி. இரண்டாவது, இருபது ஜிபி.

அட்டையை எடுத்துத் திரைக்குக் கீழே சாய்த்து வைத்தான். இடது கட்டம், வெள்ளை. அதுதான் முதலாவது. வலது கட்டம், கறுப்பு. அது இரண்டாவது. முதல் வரியைத் தெரிவு செய்தான். அழி என்றான். திரை நிறம் மாறி ஒரு எச்சரிக்கை வந்தது. இதை எழுதினால் அந்தப் பங்கில் உள்ள யாவும் போய்விடும், எழுதவா? ஆம், இல்லை.

விரல் தானாக நின்றது. "போடவா?" என்று கத்தினான்.

"போடுங்க" என்றாள் அடுப்படியிலிருந்து நாகலெட்சுமி.

மீனம்மாவின் சுளகுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மீனா! போடவா?"

"எதப் போடப் போற?"

"மொதப் பங்க அழிக்கப் போறேன். காலியா இருக்கிறத."

சுளகுச் சத்தம் நின்றது. மீனம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையைப் பார்த்தாள். "இதுல மொதப் பங்கு எது?"

"இதுதான்." அவன் வெள்ளைக் கட்டத்தில் விரலை வைத்தான். "இடது பக்கந்தானே மொதல்ல வரும்?"

"யாருக்கு?"

அழகுமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அங்க நோட்டுப் புத்தகமே வலப் பக்கத்துலருந்துதாண்ணே தொறக்கும்" என்றாள் மீனம்மா. "ஹமத்தோட புத்தகத்த நான் மொத நாள் தலைகீழாத் தொறந்து வச்சு, அந்தப் புள்ள சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. இந்தப் பொட்டியிலயும் அப்படித்தான். மூடுற பெருக்கல் அடையாளங்கூட இடது மூலையிலதான் கெடக்கு. எல்லாம் அங்கருந்து இங்க வருதுன்னா, இந்தப் பட்டை மட்டும் எப்படி இங்கருந்து அங்க போகும்?"

"அப்ப மொதப் பங்கு..."

அவள் கறுப்புக் கட்டத்தைத் தொட்டாள்.

அழகுமுத்து அம்புக்குறியை 'இல்லை' என்ற இடத்துக்கு நகர்த்தி அழுத்தினான். நாகலெட்சுமி கரண்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

"நிச்சயமா?" என்றான் அழகுமுத்து.

"நிச்சயமாச் சொல்ல முடியாதுண்ணே. படத்தையும் அப்படித்தான் காட்டுமான்னு நான் யோசிச்சதே இல்ல."

இருவரில் ஒருவர் சொல்வதுதான் சரி. பிழையானதை அழித்தால் ஆறு வருடம் போய்விடும். உள்ளே பார்த்துச் சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. நீலத்திரைக்குச் சொல்லத் தெரியாது. அழகுமுத்து எழுந்து வெளியே போனான். கோயில் வளைவில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அந்த ஏற்றத்தில் நடக்க நடக்க, பயம் எங்கோ ஒதுங்கி, வழக்கமான கேள்வி வந்து ஏறிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்? மரத்தில் ஏறி நிற்பவன் தான் நிற்கும் கொப்பை வெட்டுவானா?

"மாஸ்டர், வின்டோஸ் தான் நிக்கிற பங்கைத் தானே அழிக்க விடுமா?"

குகநேசன் நடந்ததை முழுக்கச் சொல்லவைத்துக் கேட்டார். "அட கடவுளே. அரபு வின்டோஸ் பட்டையையும் கண்ணாடியிலை பாக்கிறமாதிரித் திருப்பிக் காட்டுமாக்கும். நான் யோசிக்கேல்லை, பாத்தீங்களோ." பிறகு குரல் உயர்ந்தது. "விடாது! தான் இருக்கிற பங்கை அது அழிக்க விடாது. வேறை பங்கெண்டால் விடும். நல்ல யோசனை அழகுமுத்து. நீல ஸ்கிரீனிலை ஒண்டையும் அழியாதேங்கோ. தங்கச்சியைக் கொண்டு வின்டோஸுக்குள்ளையே அழிப்பியுங்கோ."

மறுபடி பழைய இடத்துக்கு வந்தார்கள். மீனம்மா திரைக்கு முன்னால், அவன் மூடியின் முதுகுக்குப் பின்னால்.

"நிறைஞ்ச கட்டத்துல வலது பட்டன அமுக்கு. அழிக்கிறதுன்னு ஒரு வரி இருக்கா?"

"இருக்கு. ஆனா மங்கலா இருக்கு. அமுக்குனா அமுங்கல."

"காலிக் கட்டத்துல?"

"கறுப்பாத் தெளிவா இருக்கு." அவள் கை நின்றது. "போடவா?"

"போடு."

"போடு, போடு" என்றாள் நாகலெட்சுமி, இம்முறை விளையாட்டாக அல்ல.

திரும்ப நீலத்திரைக்கு வந்தபோது பட்டியல் மாறியிருந்தது. முதல் வரி அப்படியே இருபது ஜிபி. இரண்டாவது இடத்தில் 'காலியிடம்'. அழகுமுத்து அந்த இரண்டு வரியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரத்துக்கு முன் அவன் அழிக்கச் சொன்னது அந்த முதல் வரியைத்தான். முப்பத்தாறு வருடத்தில் இடதுபக்கம் ஏன் முதல் பக்கம் என்று அவன் ஒருபோதும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்டவன், அதைக் கேட்கவில்லை.

லினக்ஸ் ஏற ஐம்பது நிமிடம் பிடித்தது. மெஷின் திரும்பக் கிளம்பியபோது மாஸ்டர் சொன்னபடியே யாரை எழுப்ப என்று கேட்டது. தமிழ்ப் பக்கத்தை முதலில் எழுப்பினார்கள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். நாகலெட்சுமி எட்டிப் பார்த்து ஒரு சொல்லை எழுத்துக் கூட்டினாள்.

"அ-டை-வு. அப்படின்னா என்னங்க?"

"தெரியலியே" என்றான் அழகுமுத்து.

"தமிழ்தானே?"

"தமிழ்தான்."

"இதுக்கு அரபே தேவலாம்" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பைக் கிளறப் போனாள்.

பிறகு அரபுப் பக்கம். அழகுமுத்து மூடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். வின்டோஸ் தொடங்கும் பாட்டுச் சத்தம் கேட்டது. அதன்பின் கிளிக், கிளிக். மீனம்மாவின் முகத்தில் திரையின் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தே எதையாவது தெரிந்துகொள்ள முடியுமா என்று அவன் முயன்றான். முடியவில்லை. ஒரு சமயம் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன மீனா? போயிருச்சா?"

"இல்லண்ணே. எல்லாம் இருக்கு." அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து கிளிக். "இங்க வா. இதுல அந்த வீட்டுப் பொம்பளைங்க யாருமில்ல. பாக்கலாம்."

அவன் சுற்றிவந்து பார்த்தான். கடற்கரை. மணல் வீடு கட்டும் ஒரு சின்னப் பையன். அவனுக்குப் பின்னால் முழங்கால் அளவு தண்ணீரில், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது தன் தங்கை என்று புரிய அழகுமுத்துவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரு கண்ணாடி?"

"ஹமத்தோட அப்பாவோடது. காருக்குள்ள கெடந்துச்சு, போட்டுக்கிட்டேன்."

"திட்டலியா?"

"அவருக்குத் தெரியாது. படத்தப் புடிச்சது ஹமத்தோட அக்கா, பதினோரு வயசு." மீனம்மா படத்தை மூடினாள். "போதும், எந்திரி. அடுத்ததுல மேடம் வாறாங்க."

கதை மறுநாள் காலைப் பெரட்டிலேயே பரவிவிட்டது. கொழுந்து மலைக்குப் போகுமுன் பேர் கொடுக்கக் கூடும் அந்தக் கூட்டத்தில் பரவாதது எதுவுமில்லை. புதன்கிழமை, கீழ்ப் பிரிவிலிருந்து ரஜிதா என்ற பெண் மீனம்மாவைத் தேடி வந்தாள். டோஹாவில் நான்கு வருடம் இருந்தவள். அவளிடமும் ஒரு மடிக்கணினி, அதுவும் அரபு, அதையும் வெளி ஆட்களுக்குக் காட்ட முடியாது. அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்கள். அன்று திரைக்கு முன்னால் ரஜிதாவும் மீனம்மாவும் உட்கார்ந்தார்கள். அழகுமுத்து பின்னால் உட்கார்ந்து, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதை முதல் கேள்வியாகக் கேட்டான். டிசம்பர் முடிவதற்குள் இன்னும் ஏழு மடிக்கணினிகள் வந்தன.